ஏரிக்கரை ஊற்று: தெளிவா, கலங்கலா?



ஐப்பசி மழைக்கு முன்னால் ஏரிக்கரையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். வீராணம் ஏரியையே எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஏரி. வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப்பெயர்தான் மருவி வீராணம் ஆயிற்று. கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரித் தண்ணீர் வருகிறது. மேற்கே அரியலூர்ப் பக்கத்து மழைத்தண்ணீர் செங்கால் ஓடை வழியாக வருகிறது. நிரம்பினால் 1,465 மில்லியன் கன அடி. சுமார் 44,800 ஏக்கர் பாசனம். போதாததற்கு 2004 முதல் சென்னைக்குக் குடிதண்ணீரும் போகிறது. இத்தனையையும் தாங்குவது ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மண் கரை!

மண் கரை என்றால் கசியாதா? கசியத்தான் செய்யும். உள்ளே ஊறிய தண்ணீர் வெளிப்பக்கத்து அடியில் வந்து துளிர்க்கும். அது தெளிவாக, அளவு கூடாமல் வந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால்தான் ஆபத்து. கரைக்குள்ளே இருக்கிற மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். முதலில் பென்சில் கனத்துக்குத் துவாரம் இருக்கும். மண் போகப்போகத் துவாரம் பெரிசாகும், தண்ணீர் வேகமும் கூடும். கடைசியில் மேல்மண் உள்வாங்கி உடைப்பு எடுத்துக்கொள்ளும். தண்ணீர் கரைமேல் வழிந்தால்தான் உடையும் என்று இருந்துவிடக் கூடாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து அரைமணி நேரம் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் உடனே லஸ்கருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? நம்ம ஆட்கள் களிமண்ணை உருட்டி ஊற்றுக்கண்ணை அடைப்பாங்க. அடைக்காதீங்க! வழி அடைபட்ட தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்குங்கள். உள்ளே முதலில் பெருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேலே பெரிய ஜல்லி போடுங்கள். தண்ணீர் வடிந்து வெளியே வரும், மண் உள்ளேயே நிற்கும். வளையத்துக்குள் தண்ணீர் தேங்கி ஏறினால் ஊற்றின் வேகமும் குறையும்.

இந்த ஊற்று எதனால் வருகிறது? எலிவளை, நண்டுவளை, வெட்டிப்போட்ட கருவேல மரத்தின் மக்கிய வேர், மதகுக் கட்டடமும் மண்ணும் சேருகிற இடத்து இடுக்கு. இன்னொன்றைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வயலை அகலமாக்க வருஷத்துக்கு ஒரு சாண் கரையடியை வெட்டுகிறோமே, அதுவும்தான். தண்ணீர் ஊறிவர வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது.

வளைகளைக் கோடையிலேயே வெட்டித் திறந்து, ஈரமண் போட்டுக் கெட்டித்துவிட வேண்டும். மேலாக மூடினால் பிரயோசனமில்லை.

ஏரி நிரம்பியதும் முதல் பத்து நாள், காலையிலும் மாலையிலும் வெளிப்பக்கத்து அடியோரமாக நடந்து பாருங்கள். கரைமேல் சைக்கிளில் போனால் இதெல்லாம் கண்ணில் படாது. பலத்த மழை ராத்திரியில் தனியாகப் போக வேண்டாம். டார்ச் லைட்டோடு இரண்டு பேராகப் போங்கள்.