கார்த்திகை தீபமும் மின், இயந்திரப் பணிகள் மேலாண்மையும்

மின் இணைப்பு, விளக்கு, நீரேற்றம், காற்றோட்டம், தீயணைப்பு ஆகியவற்றைத் திட்டமிட்டு, நிறுவி, சோதித்து ஒப்படைக்கும் வேலையே கட்டடங்களின் மின், இயந்திரப் பணிகள் மேலாண்மை ஆகும். மற்ற இடங்களில் வேலை தாமதமானால் ஒப்படைக்கும் நாளைத் தள்ளிவைக்கலாம். திருவண்ணாமலையில் கார்த்திகை தீப நாளைப் பஞ்சாங்கம் குறிக்கிறது. அது எவருக்காகவும் தள்ளிப்போவதில்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையின் ஒரு பகுதி சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்தனர். அந்த ஆண்டு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. எனினும் டிசம்பர் 13 மாலை தீபம் ஏற்றப்பட்டது.

இதனால் இங்கு கால அட்டவணை தீப நாளிலிருந்து பின்னோக்கிப் போடப்பட வேண்டும். சோதனைக்கு உரிய நாள்களை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதை நிறுவும் வேலைக்குத் தருவதே சரியான முறை. நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாகிறது.

அருணாசலேசுவரர் கோயில் சுமார் 25 ஏக்கர் பரப்புள்ளது. இராசகோபுரம் 217 அடி உயரம். கருங்கல் சுவரைச் செதுக்கிக் கம்பியைப் புதைக்க முடியாது என்பதால் குழாய்களைச் சுவரின் மேலாகவே, சிற்பங்களைத் தொடாமல் கொண்டுசெல்ல வேண்டும். விழாவுக்கான தற்காலிக விளக்குகள், ஒலிபெருக்கிகள், 14 கி.மீ. கிரிவலப் பாதையில் தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள் ஆகியவற்றின் மின்சுமையைக் கூட்டி மூன்று ஃபேஸ்களுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். மின்தடை ஏற்பட்டால் ஜெனரேட்டர் எவற்றுக்கு மட்டும் மின்சாரம் தரும் என்பதும் முன்பே முடிவாக வேண்டும்.

கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். டேப் சுற்றித் தரையில் போட்ட இணைப்பு ஈரத்தில் உயிரைப் பறிக்கும். இணைப்புகள் தரைக்கு மேல், நீர் புகாத பெட்டிகளுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிளைச் சுற்றிலும் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., முறையான எர்த்திங் ஆகிய இரண்டும் தேவை.

ஏழாம் நாள் மாட வீதிகளில் பஞ்சமூர்த்திகளின் தேர்கள் ஓடுகின்றன. தேரோட்டத்தில் மின்கம்பி என்ன செய்யும் என்பதைத் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று நடந்த விபத்து காட்டியது: தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தனர். தேரின் உயரத்தை அலங்காரத்துடன் சேர்த்தே அளக்க வேண்டும். வீதியில் மின்சாரத்தைத் துண்டிப்பவர், கம்பியில் மின்சாரம் இல்லை எனச் சோதித்துச் சொல்பவர், மீண்டும் இணைக்க உத்தரவிடுபவர் யார் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அந்த உறுதி கிடைக்கும்வரை வடம் இழுக்கக் கூடாது.

தீபம் 11 நாள்கள் எரியும். தரிசனத்துக்குக் கூட்டம் வந்துகொண்டே இருக்கும். தற்காலிக இணைப்புகளைக் கழற்றும் நாளையும் அதற்கேற்பவே ஒப்பந்தத்தில் குறிக்க வேண்டும்.