செவ்வந்தி வளர்ப்பு

செவ்வந்தி அல்லது சாமந்தி என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பல்லாண்டுப் பூந்தாவரம் ஆகும். மாலை கட்டுவதற்கும் பூசைக்கும் தலையில் சூடுவதற்கும் பயன்படும் இதன் மலர்கள், தமிழ்நாட்டில் பெருமளவில் வயல்களிலும் சிறிய அளவில் வீட்டுத் தோட்டங்களிலும் தொட்டிகளிலும் வளர்க்கப்படுகின்றன. கடையில் பூவுடன் வாங்கிய செவ்வந்திச் செடி, பூ உதிர்ந்த பின் காய்ந்தது போலத் தோன்றுவதால், பலர் அதனை ஒருமுறை மட்டும் பூக்கும் செடி எனக் கருதி எறிந்துவிடுகின்றனர். உண்மையில் பூத்த தண்டு மட்டுமே வாடுகிறது. அடித்தண்டிலிருந்து மண்ணுக்குள் தோன்றும் பக்கக்கன்றுகள் அடுத்த ஆண்டுக்கான செடிகளாகின்றன.

பெயர்

செவ்வந்தி தமிழகத்தின் பல பகுதிகளில் சாமந்தி என வழங்கப்படுகிறது. இதன் பேரினப் பெயரான கிரிசாந்திமம், பொன் எனவும் மலர் எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து உருவானது. இப்பெயரை 1753 ஆம் ஆண்டில் கரோலஸ் லின்னேயஸ் வழங்கினார். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டச் செவ்வந்திகள் டென்ட்ராந்திமா என்னும் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டன. 1999 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட முடிவின்படி அவை மீண்டும் கிரிசாந்திமம் பேரினத்துள் கொண்டுவரப்பட்டன. தோட்டங்களில் வளர்பவை பெரும்பாலும் கிரிசாந்திமம் மொரிபோலியம் என்னும் கலப்பினத்தைச் சேர்ந்தவை.

துலுக்கச் சாமந்தி எனப்படும் கேந்தியும், சீமைச் சாமந்தியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் வேறு பேரினங்களைச் சார்ந்தவை. கேந்தி விதையால் பயிராகும் ஓராண்டுச் செடி. எனவே அதற்குரிய வளர்ப்பு முறை செவ்வந்திக்குப் பொருந்தாது.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்ற பெயரும் உண்டு. அத்தலத்தின் புராணம் செவ்வந்திப்புராணம் எனப்படுகிறது.

வரலாறு

செவ்வந்தி கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்டது. சீனாவில் மிகப் பழங்காலத்திலிருந்தே வளர்க்கப்பட்டு வருகிறது. கி.பி. 4 – 5 ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த தாவோ யுவான்மிங் என்னும் சீனக் கவிஞர் இம்மலரின்பால் கொண்ட விருப்பத்துக்காகப் பெயர் பெற்றவர். சீனாவிலிருந்து இச்செடி ஜப்பானுக்குச் சென்றது. 16 இதழ்களைக் கொண்ட செவ்வந்தி வடிவம் ஜப்பானியப் பேரரச குடும்பத்தின் சின்னமாக விளங்குகிறது. அந்நாட்டின் மிக உயர்ந்த விருதும், 1876 ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது, இம்மலரின் பெயரையே கொண்டுள்ளது. ஐரோப்பாவுக்குச் செவ்வந்தி 17 ஆம் நூற்றாண்டில் அறிமுகமானது.

செடியின் அமைப்பு

பொதுவாக ஒரு பூ எனக் கொள்ளப்படுவது, தாவரவியலின்படி பல சிறுமலர்கள் நெருங்கி அமைந்த ஒரு மஞ்சரி ஆகும். வெளிப்புறத்தில் இதழ் போல் நீண்டிருப்பவை கதிர்ச் சிறுமலர்கள். நடுவில் பொட்டுப் போல் இருப்பவை வட்டுச் சிறுமலர்கள். அடுக்குச் செவ்வந்திகளில் கதிர்ச் சிறுமலர்கள் மிகுந்து நடுப்பகுதி மறைந்துவிடும்.

தண்டின் அடிப்பகுதியிலிருந்து மண்ணுக்குள் பக்கவாட்டில் கிளைகள் தோன்றி, சிறிது தூரம் சென்று, நுனி மேல்நோக்கி வளர்ந்து இலைவிடும். இவை தாமே வேர்விட்டுத் தனிச் செடியாக வாழவல்லவை. தாவரவியலில் இவ்வகைத் தண்டு தரைகீழ் உந்துதண்டு எனப்படும். வழக்கில் இவை பக்கக்கன்றுகள் எனப்படுகின்றன. செவ்வந்தியைப் பல ஆண்டுகள் காப்பது என்பது இக்கன்றுகளைக் காப்பதே ஆகும்.

பூத்தலும் பகற்பொழுதின் நீளமும்

செவ்வந்தி ஒரு குறும்பகல் தாவரம். பகல் குறைந்து இரவு நீளும் காலத்திலேயே இது மொட்டு வைக்கும். பகற்பொழுதின் நீளத்துக்கும் பூத்தலுக்கும் உள்ள தொடர்பு ஒளிக்காலத்துவம் எனப்படும். இதனை அமெரிக்காவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு ஆகியோர் 1920 ஆம் ஆண்டில் விளக்கினர். 1930களில் மிக்கைல் சைலாக்யான் என்னும் சோவியத் அறிவியலாளர் செவ்வந்திச் செடிகளில் ஆய்வு நடத்தினார். இலைகளுக்குக் குறுகிய பகலையும் நுனிக்கு நீண்ட பகலையும் அளித்தபோது செடி பூத்தது. இதனை மாற்றிச் செய்தபோது பூக்கவில்லை. இதிலிருந்து, பகலின் நீளத்தை உணர்பவை இலைகளே என்றும், அங்கிருந்து ஒரு தூண்டுபொருள் நுனிக்குச் செல்கிறது என்றும் அவர் முடிவு செய்தார். அப்பொருளுக்குப் புளோரிசென் எனப் பெயரிட்டார்.

சென்னையில் ஜூன் மாதத்தில் பகற்பொழுது ஏறத்தாழ 12 மணி 50 நிமிடமும், டிசம்பரில் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடமும் ஆகும். வேறுபாடு ஒன்றரை மணி நேரமே எனினும் செடி அதனை உணர்கிறது. குறும்பகல் தொடங்கியதிலிருந்து பூ மலர, வகைக்கேற்ப 6 முதல் 15 வாரங்கள் ஆகலாம். இரவில் வெப்பம் மிகுந்திருந்தால் பூத்தல் மேலும் தள்ளிப்போகும்.

இருள் இடையறாமல் இருப்பதும் இன்றியமையாதது. நள்ளிரவில் சிறிது நேரம் ஒளி பட்டாலும் செடி அதனைக் குறுகிய இரவாகவே கொள்ளும். எனவே தெருவிளக்கின் கீழோ, இரவு முழுதும் எரியும் வாசல் விளக்கின் அருகிலோ வைக்கப்பட்ட செவ்வந்தி, நன்கு தழைத்தும் பூக்காமல் இருக்கலாம். அத்தகைய செடிக்கு உரம் இடுவதால் பயனில்லை. அதனை இருளான இடத்துக்கு மாற்றுவதே தீர்வாகும்.

வணிக முறையில் வளர்ப்போர் இதே இயல்பைப் பயன்படுத்துகின்றனர். பசுமைக்குடில்களில் இரவில் விளக்கெரித்துப் பூத்தலைத் தள்ளிப்போடுவதும், கருந்துணியால் மூடிப் பூக்கச் செய்வதும் வழக்கம்.

வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தல்

இடமும் மண்ணும்

நாள்தோறும் 5 அல்லது 6 மணி நேரமாவது வெயில் படும் இடம் தேவை. நீர் தேங்காத செம்மண் கலந்த மண் ஏற்றது. தொட்டியில் வளர்ப்பதாயின் 20 முதல் 25 செ.மீ. விட்டமுள்ள தொட்டியின் அடித்துளை மீது ஓட்டுச்சில்லுகளை இட்டு, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பலாம்.

கன்று எடுத்தல்

பக்கக்கன்றுகளை வேருடன் பிரித்து நடுவது எளிய முறை. மற்றொரு முறை, நுனித்தண்டை 5 முதல் 7 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈர மணலில் ஊன்றி நிழலில் வைத்தலாகும். இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும். பூவோ மொட்டோ இல்லாத தண்டையே இதற்குத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். விதையிலிருந்து வளர்ந்தவை தாய்ச்செடியை ஒத்திருப்பதில்லை.

தமிழ்நாட்டில் ஜூன், ஜூலை மாதங்கள் நடுவதற்கு ஏற்றவை. நிலத்தில் செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விடப்படுகிறது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 (மஞ்சள்), கோ 2 (ஊதா) ஆகியவை இங்கு அறியப்பட்ட வகைகள்.

நுனி கிள்ளுதல்

நட்ட நான்காவது வாரத்தில் செடியின் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். நுனி நீங்கியதும் பக்க மொட்டுகள் கிளைகளாக வளர்ந்து செடி புதர் போல் அடர்ந்து, பூக்கள் மிகும். கிள்ளாத செடி உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும். மொட்டு வைக்கும் பருவம் நெருங்கியபின் கிள்ளினால் பூ குறையும். பெரிய பூ வேண்டுவோர் ஒவ்வொரு கிளையிலும் நுனிமொட்டை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குவர்.

நீர்

மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விட வேண்டும். தொட்டிச் செவ்வந்திகள் மடிவதற்கு நீர்க்குறைவைவிட நீர் மிகுதியே பெரும்பாலும் காரணமாகிறது. நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை, வேர் அழுகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்ச இயலாததால் இலைகள் வாடும். அதனைக் கண்டு மேலும் நீர் விட்டால் செடி முற்றிலும் இறந்துவிடும். வாடிய செடியின் மண் ஈரமாக இருக்குமாயின் நீரை நிறுத்திவிடுதல் வேண்டும்.

பூத்து முடிந்தபின்

பூக்கள் வாடியதும் தண்டுகளைத் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரம் விட்டு வெட்ட வேண்டும். இலைகள் குறைந்துள்ளதால் நீரையும் குறைத்தல் நன்று. சில வாரங்களில் அடியிலிருந்து பக்கக்கன்றுகள் எழும். வயல்களில் இவ்வாறு வெட்டிவிட்டு, மீண்டும் தழைப்பதிலிருந்து பூப்பறிப்பது மறுதாம்புப் பயிர் எனப்படுகிறது.

கோடையில் செடியைக் காப்பதே கடினமானது. ஏப்ரல், மே மாதங்களில் நண்பகல் வெயில் படாத இடத்தில் தொட்டியை வைத்து, மண் முற்றிலும் காயாதபடி அளவாக நீர் விட வேண்டும். ஜூன் மாதத்தில் பழைய தூரைத் தோண்டி, வெளிப்புறமுள்ள இளங்கன்றுகளைப் பிரித்துப் புதுமண்ணில் நட வேண்டும். நடுவிலுள்ள மரத்தன்மை அடைந்த பகுதி நன்கு பூப்பதில்லை, அதனை நீக்கிவிடலாம்.

கடையில் வாங்கும் குட்டையான தொட்டிச் செடி, அடுத்த ஆண்டில் உயர்ந்து வளர்வதைக் கண்டு சிலர் வகை மாறிவிட்டதாக எண்ணுவதுண்டு. விற்பனைக்கான செடிகளுக்கு வளர்ச்சியைக் குறைக்கும் வேதிப்பொருள் தெளிக்கப்படுவதும், ஒரே தொட்டியில் நான்கைந்து துண்டுகள் நடப்படுவதும் அக்குட்டைத் தோற்றத்துக்குக் காரணங்கள். அதன் விளைவு நீங்கியதும் செடி தன் இயல்பான உயரத்துக்கு வளர்கிறது.

பூச்சிகளும் நோய்களும்

அசுவினி, இலைப்பேன், செஞ்சிலந்தி, மாவுப்பூச்சி ஆகியவை இளந்தளிர்களையும் மொட்டுகளையும் தாக்குகின்றன. அசுவினிகளை நீரைப் பீய்ச்சி அகற்றலாம். சோப்புக் கரைசலுடன் சிறிதளவு வேப்பெண்ணெய் கலந்து மாலையில் தெளிப்பதும் பயன் தரும். இலைப்புள்ளி நோயில் கீழ் இலைகளில் கரும்பழுப்புப் புள்ளிகள் தோன்றி, நோய் மேல்நோக்கிப் பரவும். இது பூஞ்சையால் உண்டாவது. நோயுற்ற இலைகளைக் கிள்ளி அழிப்பதும், இலைகள் மீது படாமல் மண்ணில் மட்டும் நீர் விடுவதும் நோயைக் கட்டுப்படுத்தும். நோயுற்ற செடியிலிருந்து கன்று எடுத்தல் ஆகாது.

எச்சரிக்கை

செவ்வந்தியின் இலையும் பூவும் சிலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும். செடியைத் தின்னும் பூனை, நாய் ஆகியவற்றுக்கு இது நஞ்சாகும். சீனாவில் சில வகைகளின் உலர்ந்த பூக்களைக் கொண்டு தேநீர் தயாரிக்கப்படுகிறது. எனினும் அழகுக்காக விற்கப்படும் செடிகள் பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டவையாக இருக்கலாம் என்பதால் அவற்றின் பூக்களை உண்ணலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

ஒளிக்காலத்துவம்
சூரியகாந்திக் குடும்பம்
தரைகீழ் உந்துதண்டு
துலுக்கச் சாமந்தி