ஜோ பிளாக்: வரவும் செலவும்

1954 கோடையில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் பேஸ்போல் அணி, ஆள் பார்த்துவர கிளைட் சூக்ஃபோர்த் என்பவரை வேர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகருக்கு அனுப்பியது. அங்கே ஆட வந்திருந்தது மொன்றியல் ரோயல்ஸ். அதில் ஜோ பிளாக் என்றொரு பிட்சர் இருந்தார். அவர் இன்னும் தேறுவாரா என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் பயணம். ஆனால் போனவரின் கண் 19 வயதுப் பையன் ஒருவன் பயிற்சியில் பந்தெறிந்த விதத்தில் போய் நின்றுவிட்டது. அந்தப் பையன் ரொபேர்ட்டோ கிளெமெண்டே. ரோயல்ஸின் தாய் அணியான புரூக்ளின் டோட்ஜர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்யக் கொடுத்த ஊக்கத்தொகை 10,000 டொலர். நவம்பரில் பைரட்ஸ் வெறும் 4,000 டொலர் கட்டி அவரைக் கொண்டுபோனது. பின்னாளில் அவர் அடித்த ஹிட்கள் 3,000.

சூக்ஃபோர்த் யாரைப் பார்க்கப் போனாரோ, அந்த ஜோ பிளாக் என்ன ஆனார் என்பதை எவரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்தக் கணக்கு அவருடையது.

ஜோ பிளாக் பிறந்தது 1924 பெப்ரவரி 8, நியூ ஜேர்சியின் பிளேன்ஃபீல்டில். பள்ளியில் படிக்கும்போது ஆள் தேடி வந்த ஒருவர், கறுப்பர்களுக்குப் பெரிய லீக்கில் இடமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பையன் வீட்டுக்குப் போய், தான் வெட்டி ஒட்டிச் சேர்த்திருந்த ஆட்டக்காரர் படங்களைப் புரட்டினான். அத்தனை பேரும் வெள்ளையர். எல்லாவற்றையும் கிழித்தான், ஹாங்க் கிரீன்பேர்க் படத்துக்கு மட்டும் மன்னிப்பு.

அதன் பிறகு கறுப்பர் லீக்கில் பால்டிமோர் எலைட் ஜயண்ட்ஸ், இடையே போர்க்கால இராணுவ சேவை, கூடவே மோர்கன் ஸ்டேட் கல்லூரிப் படிப்பு. 1950இல் பட்டம் வாங்கினார். 1951இல் மொன்றியல். ஜாக்கி ரொபின்சன் 1946இல் .349 சராசரியுடன் 113 ஓட்டங்கள் எடுத்துக் கறுப்பர்களுக்கு வழிதிறந்த அதே டெலோரிமியே மைதானம். டோட்ஜர்ஸ் தன் கறுப்பு ஆட்டக்காரர்கள் பலரை முதலில் இந்த ஊரில்தான் இறக்கிப் பார்த்தது. கம்பனெல்லா, நியூகோம், கில்லியம் எல்லோரும் மொன்றியல் வழியாகப் போனவர்கள்தான்.

1952இல் புரூக்ளினுக்கு ஏறியபோது பிளாக்குக்கு 28 வயது. முதல் ஆண்டுக்காரருக்கு அது முற்றிய வயது. நிறத்தடை விழுங்கிய ஆண்டுகளை எந்த ஏட்டிலும் செலவாக எழுதவில்லை.

அந்த ஆண்டு அவர் 56 ஆட்டங்களில் இறங்கினார். தொடக்கத்திலிருந்து எறிந்தது 2 ஆட்டங்களில் மட்டும். மற்ற 54இலும் நடுவில் கூப்பிடப்பட்டு வந்தவர். 142 இன்னிங்ஸ் சொச்சத்தில் அவர் பேரில் விழுந்த ஓட்டங்கள் 34. ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.15. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரின் சிக்கனக் கணக்கு மாதிரி இது, குறையக் குறைய நல்லது. 15 வெற்றி, 4 தோல்வி, 15 சேவ். டோட்ஜர்ஸ் அந்த ஆண்டு வென்ற 96 ஆட்டங்களில் 30இல் அவர் கை இருக்கிறது. சராசரிப் பட்டம் மட்டும் 2.43 வைத்திருந்த ஹொய்ட் வில்ஹெல்முக்குப் போனது. பிளாக் எறிந்த இன்னிங்ஸ் தகுதிக்குப் போதவில்லை. சிறந்த புதுமுகம் விருது பிளாக்குக்கே கிடைத்தது.

பிறகு உலகத் தொடர், எதிரே யாங்கீஸ். ஆண்டு முழுவதும் இரண்டே ஆட்டங்களைத் தொடங்கியவரை, நிர்வாகி சார்லி டிரெஸ்ஸன் ஏழு நாளுக்குள் மூன்று ஆட்டங்களைத் தொடங்க வைத்தார். ஒக்டோபர் 1இல் 4-2 வெற்றி. உலகத் தொடரில் வென்ற முதல் கறுப்பின பிட்சர் என்ற பெயர் அன்று கிடைத்தது. ஒக்டோபர் 4இல் 7 இன்னிங்ஸில் ஒரே ஓட்டம் கொடுத்தும், 2-0 என்று தோல்வி. அணி ஓர் ஓட்டமும் எடுக்காவிட்டால் பிட்சர் என்ன செய்வார்? ஒக்டோபர் 7இல் கடைசி ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ் முடியும்முன் கை தளர்ந்தது, 4-2 தோல்வி. மொத்தம் 21 இன்னிங்ஸ் சொச்சம், 6 ஓட்டங்கள், சராசரி 2.53. தொடர் 4-3 என்று யாங்கீஸ் பக்கம் போனது.

அடுத்த வசந்தத்தில் டிரெஸ்ஸன் பாடம் எடுத்தார். வேகப்பந்தும் சின்னதொரு வளைவும் போதாது, புதுவகைப் பந்துகள் வேண்டும் என்றார். கற்கப் போனதில், இருந்த கட்டுப்பாடும் போனது. 1953 கணக்கு இது: 72 இன்னிங்ஸ் சொச்சம், 43 ஓட்டங்கள், சராசரி 5.33. பாதி வேலைக்கு முந்தைய ஆண்டைவிட அதிக ஓட்டங்கள். ஏழு நாள் சுமையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் ஓடுகிற வண்டியைப் பிரித்துப் பார்த்தவர் டிரெஸ்ஸன் என்பதே என் கட்சி. 1954இல் 7 இன்னிங்ஸுக்கு 9 ஓட்டங்கள் கொடுத்ததும் மறுபடி மொன்றியலுக்கு அனுப்பிவிட்டார்கள். ரிச்மண்ட் கதை அப்போதுதான்.

மீதியைச் சுருக்கமாக முடிக்கலாம். 1955இல் சின்சினாட்டிக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு ஆண்டுகளில் 8 வெற்றி, 4 தோல்வி. 1957இல் வாஷிங்டனில் 7 ஆட்டங்கள், ஒரு தோல்வி. ஆறு பருவங்களின் மொத்தம் 172 ஆட்டங்கள், 30 வெற்றி, 12 தோல்வி. வெற்றிகளில் சரிபாதி முதல் ஆண்டிலேயே வந்தவை.

33 வயதில் ஆட்டம் முடிந்தபோது கையில் இருந்த உருப்படியான சொத்து 1950இன் பட்டம்தான். பந்தெறிந்த சம்பளம் போல அது கரையவில்லை. சொந்த ஊரான பிளேன்ஃபீல்டுக்குத் திரும்பி, ஹபார்ட் இடைநிலைப் பள்ளியில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பித்தார். பேஸ்போல் அணிக்கும் அவரே பயிற்சியாளர். உலகத் தொடரில் யாங்கீஸை வென்றவர் சீழ்க்கையோடு பள்ளி மைதானத்தில் நிற்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் அன்றாடம் பார்த்தார்கள்.

1960களில் கிரேஹவுண்ட் பேருந்து நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே துணைத் தலைவர் வரை உயர்ந்தார். மொன்றியலிலிருந்து நியூயோர்க்குக்கு அந்தப் பேருந்தில் இரவு முழுக்கக் குந்திக்கொண்டு போன நம்மவர்கள் எத்தனையோ பேர். அதன் மேலிடத்தில் நம்மூர் ரோயல்ஸ் ஆள் ஒருவர் இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்!

பெரிய லீக்கின் கதவு திறக்குமுன்பே வயது போய்விட்ட கறுப்பர் லீக் ஆட்டக்காரர்களுக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்று பின்னாளில் நிர்வாகிகளின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 2002 மே 17இல் அரிசோனாவில் காலமானார், வயது 78. அரிசோனா ஃபோல் லீக்கில் மேலே ஏறக் காத்திருக்கும் இளைஞர்களில் சிறந்தவருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் விருது இப்போது அவர் பெயரில் இருக்கிறது.