போன பணம் திரும்புமா?

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே சிவகாசி நம் கைப்பேசிக்குள் வந்துவிடுகிறது. ‘ஃபேக்டரி விலை, 80 சதவீதம் தள்ளுபடி’ என்று ஒரு விலைப்பட்டியல், கம்பி மத்தாப்பிலிருந்து கிஃப்ட் பாக்ஸ் வரை படங்கள், கீழே ஒரு வாட்ஸ்அப் எண். ஜிபே பண்ணினால் லாரி சர்வீஸில் பார்சல் வரும் என்பார்கள். போலி விளம்பரமாக இருந்தால் பார்சல் வராது. கொஞ்ச நாளில் அந்த எண்ணும் உயிரோடு இருக்காது. தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு இந்த மோசடி பற்றி எச்சரித்திருக்கிறது. இணையதளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே உத்தரவிட்டும் விட்டது. அதனால் புகார் கொடுத்தால் நமக்கே சிக்கலோ என்று பயப்பட வேண்டாம். அந்தத் தடை விற்பவர்களுக்குத்தான்.

இந்த மோசடியில் யாரும் வங்கிக் கணக்கை உடைக்கவில்லை. பணத்தை இழந்தவரே பின் எண்ணை அழுத்தி அனுப்பினார். ‘ஆன்லைனில் பணம் கட்டுவது பாதுகாப்பா?’ என்று பொதுவாகக் கேட்பதால் பெரிய பயனில்லை. நமக்குத் தெரியாமல் போன பணமா, நாமே அனுப்பிய பணமா என்பதைப் பொறுத்து நம் உரிமை அடியோடு மாறுகிறது.

முதல் வகைக்குச் சட்டம் நல்ல துணை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, வங்கியின் தவறு இல்லை, உங்கள் தவறும் இல்லை, வேறெங்கோ ஏற்பட்ட ஓட்டையால் பணம் போனது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பே இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைதான். வங்கியின் தவறால் போயிருந்தால் இந்த நாள் கணக்கெல்லாம் கிடையாது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே. கிளையில் இதைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. சொல்லிக் கேளுங்கள். ஆனால் ஓடிபியையோ பின்னையோ நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் செய்யும் நிமிடம் வரைக்கும் போனது உங்கள் இழப்பு. அதற்குப் பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு.

இரண்டாவது வகையில், எந்த வழியில் கட்டினோம் என்பதே எல்லாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று வங்கியிடம் ஆட்சேபம் எழுப்பலாம். பொருளை அனுப்பியதற்கான ஆதாரத்தைக் கடைக்காரர் காட்ட வேண்டியிருக்கும். பெரிய விற்பனைத் தளத்துக்குள்ளேயே கட்டினால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கைகொடுக்கும்: 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். முகம் தெரியாத ஒருவரின் சொந்த எண்ணுக்கு யுபிஐ-யில் அனுப்புவதோ ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியே நோட்டை நீட்டுவது மாதிரி. ‘ஆப்புக்கு வெளியே ஜிபே பண்ணுங்க, 200 ரூபா குறைச்சுக்கிறேன்’ என்று யாராவது சொன்னால், உங்கள் உரிமையை 200 ரூபாய்க்கு விலை பேசுகிறார் என்று பொருள்.

அப்படியானால் வாசலில் காசு கொடுத்துவிடலாமே என்பார்கள் பெரியவர்கள். அதிலும் பாதிதான் பாதுகாப்பு. பெரும்பாலும் காசைக் கொடுத்த பிறகே பெட்டியைப் பிரிக்க முடிகிறது. யாரும் ஆர்டர் செய்யாத பார்சலைக் காட்டி, வீட்டில் தனியாக இருக்கும் முதியவரிடம் காசு வாங்கிப் போவதும் நடக்கிறது.

இதற்காக யுபிஐ-யை விட்டு ஓட வேண்டியதில்லை. டவுனுக்குப் போய்வரும் பஸ் செலவும் அரை நாள் கூலியும் மிச்சமாவது சின்ன விஷயமா? யுபிஐ-க்கென்று தனிக் கணக்கு வைத்து, அதில் கொஞ்சமாகப் பணம் போட்டுக்கொள்ளுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள். சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. கேட்டால் அது உங்களிடமிருந்து எடுப்பதற்குத்தான்.

ஏமாந்தது தெரிந்ததும் முதல் அழைப்பு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு. திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். வழியில் நிறுத்தி முடக்க வேண்டுமானால் சீக்கிரம் சொல்ல வேண்டும். அடுத்து வங்கியிடம் புகார் செய்து புகார் எண் வாங்குங்கள். 30 நாட்களில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மோசடி இல்லாமலே, கடையில் யுபிஐ-யில் பணம் கட்டும்போது கணக்கில் கழிந்து கடைக்குப் போகாமல் நின்றுவிட்டால், 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. பொருளில் குறை என்றால் 1915-இல் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அங்கும் முடியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் வழக்கை நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

எந்தப் புகாருக்கும் ஆதாரம் கேட்பார்கள். விளம்பரம், விலைப்பட்டியல், உரையாடல், யுபிஐ பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதையும் பணம் அனுப்பும் அன்றே எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் உங்களை பிளாக் செய்துவிட்டு, போட்ட விளம்பரத்தையும் அழித்துவிடலாம்.