மனநலப் பேரேடு: 919 கோடியும் 300 ரூபாயும்

2023-24 மத்திய பட்ஜெட்டில் மனநலத்துக்கென்று பெயர் போட்டு ஒதுக்கிய தொகை 919 கோடி ரூபாய். சுகாதார அமைச்சகத்துக்கு மொத்தம் 89,155 கோடி. அதில் இது நூற்றுக்கு ஒரு ரூபாய் சொச்சம். 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 6 ரூபாய் 56 காசு, வருஷம் முழுவதற்கும். அந்த 919 கோடியில் 721 கோடி பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்துக்கு, 64 கோடி அசாமில் உள்ள தேஜ்பூர் மனநல நிறுவனத்துக்கு. இரண்டும் சேர்ந்தால் 85 சதவீதம். மிச்சம் 134 கோடி, 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் தொலைபேசிச் சேவைக்கு. மாவட்ட மனநலத் திட்டத்துக்கான பணம் தேசிய சுகாதார இயக்கத்தின் பொதுப் பையிலிருந்து போகிறது. மேற்படி கணக்கில் அது வராது. நிம்ஹான்ஸுக்குக் கொடுப்பது வீண் என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர்களை உருவாக்குவதே அந்த மாதிரி இடங்கள்தான்.

இனி வீட்டுக் கணக்கு. 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோயாளி உள்ள குடும்பம் கைக்காசு போட்டது மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய். பெரும்பாலும் சிகிச்சைக்கும் போக்குவரத்துக்கும். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை சும்மாதானே தருகிறார்கள் என்று கேட்கலாம். மாத்திரை சும்மா, நாள் சும்மா இல்லை. 2023-24இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 294 ரூபாய். நோயாளியும் துணைக்குப் போகிறவரும் ஒரு நாள் வேலையை விட்டால், பஸ் ஏறும் முன்பே 588 ரூபாய் போய்விடும். டாக்டர் பக்கத்தில் இருந்தால் அரை நாளோடு முடியும். லட்சம் பேருக்கு 3 மனநல மருத்துவர் வேண்டும் என்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு இந்தியாவுக்குச் சொல்லப்பட்டு வரும் எண் 0.75. 20 லட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் 60 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 15 பேர் என்று அர்த்தம். அந்தப் பதினைந்து பேரும் பெரும்பாலும் நகரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். தீவிர மனநோய் உள்ளவர்களில் 73.6 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்ததாக அதே கணக்கெடுப்பு சொல்வதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு எதிரே வரவு என்ன? மத்திய அரசின் இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். 2012இல் 200லிருந்து ஏறியது, அதன்பின் நகரவில்லை. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்த 300ஐ வாங்க வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும். கால் ஊனத்தை அளப்பது ஓரளவு எளிது. மனநோய்க்கு ‘ஐடியாஸ்’ என்று ஓர் அளவுகோல்: தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என நான்குக்கும் தலா 4 மதிப்பெண், கடந்த இரண்டு வருஷத்தில் எத்தனை மாதம் நோயில் இருந்தார் என்பதற்கு இன்னொரு 4, ஆக 20. ஏழு முதல் 13 வரை வந்தால் 40–70 சதவீதம். சான்றிதழ் உண்டு, 300 ரூபாய் கிடையாது. அதற்கு 14ஐத் தாண்டியாக வேண்டும். ஒழுங்காக மாத்திரை போட்டுத் தேறியவருக்கு மதிப்பெண் குறையும். மாத்திரைச் செலவோ, பஸ் செலவோ குறையாது.

2011 மக்கள்தொகைக் கணக்கில் மனநோயால் ஊனமுற்றோர் 7.22 லட்சம். மனநலக் கணக்கெடுப்போ வயது வந்தவர்களில் 0.8 சதவீதம் பேருக்குத் தீவிர மனநோய் என்றது. 2011இன் 76 கோடிப் பெரியவர்களுக்குப் போட்டால் 61 லட்சம். நோயுள்ள எல்லாரும் ஊனமுற்றோர் ஆகமாட்டார்கள் என்பது சரிதான். ஆனாலும் எட்டு மடங்கு இடைவெளியை அது மட்டும் விளக்கிவிடாது. கணக்கெடுக்க வீட்டு வாசலில் வந்து கேட்கிறவரிடம் மனநோய் இருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

காப்பீட்டில் சட்டம் தெளிவு. 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ மனநோய்க்கும் அப்படியே காப்பீடு தரச் சொல்கிறது. 2021இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் பாலிசித் தொகை 35 லட்சம். மனநோய்க்கு மட்டும் உச்சவரம்பு 50,000. நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 அக்டோபர் 31க்குள் எல்லா பாலிசிகளையும் திருத்தச் சொன்னபோது சட்டத்துக்கு நாலரை வயது நெருங்கிவிட்டது. திருத்தினாலும், வழக்கமான பாலிசி படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். மனநோய்ச் செலவில் பெரும்பகுதி புறநோயாளிச் சீட்டில் நடக்கிறது.

பேரேட்டின் மறுபக்கமும் உண்டு. ஊனமுள்ளவர்கள் சிலருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு இரு மடங்குவரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தடையற்ற ஆஸ்பத்திரியும் சிகிச்சையில் முன்னுரிமையும் தரச் சொல்கிறது. 2018 தேசிய மாதிரி ஆய்வின்படி ஊனமுள்ளவர்களில் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் 28.8 சதவீதம். சாய்தளம் கட்டுவது ஒரு தடவைச் செலவு. சைகை மொழி தெரிந்த ஆலோசகருக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். 2011இல் கேட்கும் திறன் குறைந்தோர் 50.7 லட்சம் பேர். 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய 14416 குரல் வழியாகப் பேசும் சேவை. வீடியோ ஆலோசனை 2024இல்தான் வந்தது, அதுவும் முதலில் கர்நாடகம், தமிழ்நாடு, ஜம்மு காஷ்மீர் ஆகிய மூன்று இடங்களில் மட்டும்.