மூக்கோரப் புடைப்பும் சிறுநீரகமும்

இருபது, முப்பது வயதுகளில் மூக்கிலும் கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் வெளிறிய சிறு புடைப்புகள் கிளம்பும். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். வலிக்காது, கிள்ளினால் சீழ் வராது, பருவுக்குப் போடும் களிம்புக்கும் அசையாது. “அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது” என்று வீட்டில் யாராவது சொன்னால், அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஃபைப்ரோஃபாலிகுலோமா என்ற இந்தக் கட்டிகள் மயிர்க்காலில் வளர்பவை. நுண்ணோக்கியில் பார்த்தால், மயிர்க்காலிலிருந்து மெல்லிய இழைகள் நாலாபுறமும் கிளைத்து, ஒன்றோடொன்று பின்னியபடி நார்த்திசுவுக்குள் ஓடுவது தெரியும். 1977-ல் பர்ட், ஹாக், டூபே என்ற மூன்று கனடா மருத்துவர்கள், ஒரே குடும்பத்தில் பலருக்கு இவை இருப்பதைப் பதிவு செய்தார்கள். நோய்க்கும் அவர்கள் பெயரே நிலைத்தது.

தோலோடு நிற்கும் நோயல்ல இது என்பது பிற்பாடுதான் விளங்கியது. பெரும்பாலோரின் நுரையீரலில் காற்றுக் குமிழ்கள் இருக்கும். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அவை உடைந்து, நுரையீரல் திடீரெனச் சுருங்கிவிடும். சிலருக்குச் சிறுநீரகத்தில் புற்றுக்கட்டிகள் வரும், பல சமயம் இரண்டு பக்கமும்.

2002-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் 17-ஆம் குரோமோசோமில் காரணத்தைக் கண்டார்கள். ஃபாலிகுலின் புரதத்துக்கான மரபணு அங்கே பழுதாகியிருந்தது. பெற்றோரில் ஒருவருக்குப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. சிறுநீரக செல் ஒன்றில் மிச்சமிருக்கும் நல்ல பிரதியும் கெடும்போது கட்டி தொடங்குகிறது.

முகத்தில் இருப்பதால் மனம் சங்கடப்படுவது இயல்பே. லேசரில் சமன்படுத்தலாம், ஆனால் நாளடைவில் திரும்ப முளைக்கும். ரப்பாமைசின் களிம்பு, டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற வேறொரு பரம்பரை நோயின் முகக்கட்டிகளுக்குப் பலன் தருகிறது. ஆனால் நெதர்லாந்தில் பர்ட்-ஹாக்-டூபே நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. எதைச் செய்வதானாலும் முதலில் ஒரு புடைப்பையாவது பயாப்ஸிக்கு அனுப்புங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். வெளியே தெரியும் ஒரே தடயத்தைப் பெயர் தெரியாமலே சுட்டுவிட்டால், சிறுநீரகத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

நோய் உறுதியானால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பார்கள். கட்டி மூன்று சென்டிமீட்டரை நெருங்கும்வரை பொதுவாகப் பொறுத்திருந்து, பிறகு கட்டியை மட்டும் அகற்றுவார்கள். இன்னொன்று முளைக்கக்கூடும் என்பதால், சிறுநீரகத்தில் முடிந்தவரை மிச்சம் பிடிக்கிறார்கள்.