வலிப்பை நிறுத்துவது சாவியா? மாணவர்களிடம் இன்னும் தீராத பயம்

சென்னை, நவ. 17–

பள்ளிக்கூட மைதானம். காலை பிரார்த்தனைக் கூட்டம். திடீரென்று ஒரு மாணவன் கீழே விழுகிறான். கை, கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை!

"காக்கா வலிப்புடா! சாவி கொண்டா, சாவி!"

யாரோ சைக்கிள் சாவியைக் கொண்டு வந்து கையில் திணிக்கிறார்கள். சற்று நேரத்தில் இழுப்பு நிற்கிறது. "பார்த்தியா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு!"

எத்தனையோ பள்ளிகளில் பழகிப்போன காட்சி இது. ஆனால் வலிப்பை நிறுத்தியது சாவி அல்ல.

தானாக நிற்கும்

மூளை நரம்புகளில் மின் அலைகள் திடீரென்று தாறுமாறாகப் பாய்வதால் வருவது வலிப்பு. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடிப் பிடித்து வருவதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது. பேர் வாங்குவது மட்டும் சாவி!

வாயில் கரண்டி, துணி என்று திணித்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். தண்ணீர் புகட்டினால் நுரையீரலுக்குள் போகும். கை, காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

கூட்டத்தை விலக்குங்கள். தலைக்கு அடியில் மடித்த துணியை வையுங்கள். டை, காலர் பட்டனைத் தளர்த்துங்கள். இழுப்பு அடங்கியதும் ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள். நினைவு திரும்பும்வரை கூடவே இருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு வராமலே மறுபடி வந்தாலோ உடனே 108-க்குப் போன் போடுங்கள்.

"பக்கத்துல உட்காராதே"

வலிப்பைவிட அதிகம் வலிப்பது மறுநாள்தான். "அவன் பக்கத்துல உட்காராதே, ஒட்டிக்கும்" என்று கூட்டாளிகள் பெஞ்சு மாறுகிறார்கள். வலிப்பு தொற்று நோய் அல்ல. பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல.

இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பிள்ளைகள் மாத்திரையை ஒளிக்கிறார்கள். பிறகு நிறுத்தியே விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான்! வேளை தவறிய மாத்திரையும், பரீட்சைக்காக விடிய விடிய விழிப்பதும் வலிப்பை வரவழைக்கும். சரியான சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வலிப்பு இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கீழே விழாமலும் வலிப்பு வரும். பாடம் நடக்கும்போது சில வினாடி வெறித்த பார்வையோடு உறைந்து போகும் பிள்ளையை, "பகல் கனவா?" என்று வாத்தியார் அதட்டுகிறார். அடிக்கடி அப்படி நடந்தால் அதட்டக் கூடாது. டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

கல்யாணமும் கிரிக்கெட்டும்

பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கல்யாணக் கவலை. இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு நோயை 1999-ல் பாராளுமன்றமே நீக்கிவிட்டது. ஊர் வாய்தான் இன்னும் நீக்கவில்லை!

1977 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவைத் தோற்கடித்த இங்கிலாந்து கேப்டன் டோனி கிரெய்க்கைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 14 வயதில் அவருக்கு முதல் வலிப்பு வந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கேப்டன் ஆனார்.

இன்று தேசிய வலிப்பு நோய் தினம். வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: "உன் சிநேகிதனுக்கு வலிப்பு வந்தா என்ன பண்ணுவே?"

பதில் 'சாவி' என்று வந்தால், இந்தப் பக்கத்தை மடித்துக் கையில் கொடுங்கள்!